வெளிநாட்டில் பழைய கிட்டார் வாங்கப் போகிறீர்களா? முதலில் மரத்தை விசாரியுங்கள்

[திரையில்: கடைச் சுவர் முழுக்கத் தொங்கும் பழைய கிட்டார்கள்]

டோக்கியோவில் ஓச்சனோமிசு என்று ஒரு பகுதி. ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து சரிவில் இறங்கினால் வரிசையாகக் கிட்டார் கடைகள். பாரிஸில் ரோம் தெரு, லண்டனில் டென்மார்க் தெரு, இத்தாலியில் கிரெமோனா என்று, இசைக்கருவிக்காகவே ஆட்கள் டிக்கெட் போட்டுப் போகிற இடங்கள் இன்னும் உண்டு. அங்கே போனால் நல்ல செகண்ட் ஹேண்ட் கருவி கிடைக்கும் என்பது சரிதான். ஆனால் வாங்கிய கருவி உங்களோடு வீடு வந்து சேருமா? அதைப் பல நேரம் அதன் மரம்தான் முடிவு செய்கிறது. அதனால் விலையை அப்புறம் பேசுவோம்.

[திரையில்: அடர்பழுப்பு நிறப் பின்பலகை, கருங்கோடுகளோடு]

1960களில் வந்த உயர்தர அக்கூஸ்டிக் கிட்டார்கள் பலவற்றின் பின்பலகை பிரேசிலியன் ரோஸ்வுட். மார்ட்டின் நிறுவனம் தன் டி-28 மாடலுக்கு 1969 வரை இதைத்தான் போட்டது. அப்புறம் இந்திய ரோஸ்வுட்டுக்கு, அதாவது ஈட்டி மரத்துக்கு மாறியது. இந்த ஒரு வருட வித்தியாசத்தில்தான் பழைய கிட்டாரின் விலையும் ஏறுகிறது, உங்கள் தலைவலியும் ஏறுகிறது.

காரணம் சைட்டிஸ். அழியும் ஆபத்திலுள்ள விலங்கு, தாவரங்கள் எல்லை தாண்டி விற்கப்படுவதைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம் இது. 1975 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிரேசிலியன் ரோஸ்வுட்டை 1992-ல் இதன் முதல் பட்டியலில் சேர்த்தார்கள். இருப்பதிலேயே கடுமையான பட்டியல் அதுதான். அந்தத் தேதிக்கு முந்தைய மரம் என்று ஆதாரம் காட்டி, விற்கிற நாட்டின் சைட்டிஸ் அலுவலகத்தில் சான்றிதழ் வாங்கினால்தான் கிட்டார் முறையாக வெளியே வரும். அது கேட்ட அன்றே கையில் கிடைக்கிற காகிதம் இல்லை. ஒரு வாரப் பயணத்தில் போனவர் கிட்டாரைக் கடையிலேயே விட்டுவிட்டு, சான்றிதழ் வந்த பிறகு அனுப்பச் சொல்ல வேண்டியிருக்கும். உங்கள் நாடு தனியாக இறக்குமதி அனுமதி கேட்கிறதா என்பதையும் கிளம்புவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

எனவே டிக்கெட் போடுவதற்கு முன் கடைக்கு ஒரு மெயில். பின்பலகை என்ன மரம், ஃப்ரெட்போர்டு (கழுத்தில் விரல் வைத்து அழுத்தும் பலகை) என்ன மரம், சான்றிதழ் நீங்கள் எடுத்துத் தருவீர்களா? 'அதெல்லாம் யாரும் பார்க்க மாட்டார்கள், சும்மா எடுத்துக்கொண்டு போங்கள்' என்று பதில் வந்தால் வேறு கடை பாருங்கள். சுங்கத்தில் மாட்டினால் நிற்கப்போவது நீங்கள்தான், அவர் இல்லை.

ஈட்டி மரத்தைப் பற்றி நிறையப் பழைய தகவல் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2017 ஜனவரியில் டால்பெர்ஜியா என்ற ரோஸ்வுட் இனம் முழுவதையும் கட்டுப்பாடு சற்றுக் குறைந்த இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். இசைக்கருவி உலகமே அலறியது. 2019 நவம்பர் கடைசியில், முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். பிரேசிலியன் ரோஸ்வுட்டுக்கு மட்டும் இந்த விலக்கு கிடையாது. ஈட்டி மரக் கிட்டாருக்கு இன்றும் சைட்டிஸ் அனுமதி வேண்டும் என்று யாராவது சொன்னால், அவர் படித்தது 2017-ல் எழுதியதாக இருக்கும்.

இசைக்கருவிச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு, மூன்று வருடம் வரை செல்லும். பலர் இதை வைத்தே வாங்கிவிடலாம் என்று நினைக்கிறார்கள். அது ஏற்கெனவே சொந்தமாக வைத்திருக்கும் கருவியோடு கச்சேரிக்குப் போய்வருபவர்களுக்கானது. வெளிநாட்டில் வாங்குவதற்கோ விற்பதற்கோ உதவாது.

[திரையில்: வயலின் வில்லின் நுனி, மிக அருகில்]

வயலின் வாங்கப் போகிறவர்கள் வயலினை விட்டுவிட்டு வில்லின் நுனியைப் பாருங்கள். அங்கே நகத்தளவு வெள்ளைத் தகடு ஒன்று ஒட்டியிருக்கும். எலும்பாக இருக்கலாம், பிளாஸ்டிக்காக இருக்கலாம், பழைய வில்லாக இருந்தால் யானைத் தந்தமாகவும் இருக்கலாம். 2014-ல் புடாபெஸ்ட் ஃபெஸ்டிவல் ஆர்கெஸ்ட்ரா நியூயார்க்கில் வந்து இறங்கியபோது, தந்தம் இருப்பதாகச் சந்தேகப்பட்டு அவர்களின் ஏழு வில்களைச் சுங்கத்தில் பிடித்து வைத்தார்கள். பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்கே அந்த நிலைமை. தகடு என்ன என்று கடைக்காரருக்கே தெரியவில்லை என்றால், அதை மாற்றித் தரச் சொல்லி, மாற்றியதாக எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வயலினுக்குள் எட்டிப் பார்த்தால் 'அன்டோனியஸ் ஸ்ட்ராடிவேரியஸ்' என்று சீட்டு தெரியலாம். மூச்சைப் பிடிக்க வேண்டாம். வயலின் செய்வதில் உலகப் புகழ் பெற்ற ஸ்ட்ராடிவாரி 1737-ல் இறந்துவிட்டார். ஆனால் 19-ஆம் நூற்றாண்டிலும் 20-இன் தொடக்கத்திலும் ஜெர்மனி, பொஹீமியா (இன்றைய செக் குடியரசின் பகுதி) பட்டறைகள் அவர் பெயர்ச் சீட்டோடு ஆயிரக்கணக்கில் வயலின் செய்து தள்ளின. அதே சீட்டில் 'ஜெர்மனி' என்றும் அச்சிட்டிருந்தால் காலத்தை ஓரளவு பிடித்துவிடலாம். இறக்குமதிப் பொருளில் எந்த நாட்டுத் தயாரிப்பு என்று குறிக்க வேண்டும் என்று அமெரிக்கா 1891 முதல் கட்டாயமாக்கியது. பெரும்பாலும் அதற்குப் பிந்தைய ஏற்றுமதிச் சரக்கு அது. நல்ல கருவியாகவே இருக்கலாம், ஸ்ட்ராடிவாரி விலை மட்டும் கொடுக்காதீர்கள்.

[திரையில்: கிட்டார் கழுத்தின் மேல் நீளமான ஸ்டீல் ஸ்கேல்]

சரி, கடைக்குள் வந்தாயிற்று. பாதி நாளை இதற்கே ஒதுக்குங்கள். அக்கூஸ்டிக் கிட்டாரில் பெரிய செலவு வைப்பது கழுத்துக் கோணம். நேரான ஸ்கேல் ஒன்றை ஃப்ரெட்டுகளின் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) மேல் படுக்க வைத்து, உடலில் கம்பிகளைப் பிடித்திருக்கும் மரத்துண்டான பிரிட்ஜ் வரை நீட்டுங்கள். முனை பிரிட்ஜ் மரத்தின் மேல்மட்டத்துக்குச் சரியாக வர வேண்டும். கீழே இறங்கி பிரிட்ஜின் பக்கவாட்டில் இடித்தால் கழுத்து முன்னால் சாய்ந்திருக்கிறது. கழற்றி, செதுக்கி, மறுபடி பொருத்த வேண்டும். அந்தக் கூலியைச் சேர்த்தால் மலிவு எல்லாம் போய்விடும்.

ஸ்கேல் இல்லையா? பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் வெள்ளைத் துண்டை, சாடிலை, பாருங்கள். பிரிட்ஜ் மரத்தின் மட்டத்துக்குத் தேய்த்துத் தாழ்த்தியிருந்தும் கம்பி இன்னும் உயரமாக நின்றால், யாரோ சாய்வை ஏற்கெனவே சமாளித்துப் பார்த்திருக்கிறார்கள். அடுத்து ட்ரஸ் ராடு, அதாவது கழுத்துக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகக் கம்பி. அது திரும்புகிறதா என்று கடைக்காரரையே கால் சுற்றுத் திருகிக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் கை வைக்காதீர்கள்.

எலக்ட்ரிக் கிட்டாரில் மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லலாம், நல்ல கடை மறுக்காது. வால்யூம் குமிழுக்கு அடியிலுள்ள பாகத்தின் முதுகில் எண் குத்தியிருக்கும். 1377632 என்று இருந்தால், 137 என்பது அதைச் செய்த சிடிஎஸ் நிறுவனம், 76 வருடம், 32 அந்த வருடத்தின் வாரம். '1972 மாடல், எல்லாமே ஒரிஜினல்' என்று சொன்ன கிட்டாருக்குள் இது இருந்தால், ஒன்று அந்தப் பாகத்தை மாற்றியிருக்கிறார்கள், இல்லை வருடத்தை மாற்றியிருக்கிறார்கள்.

ஆம்ப் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் கருவி), கீபோர்டு பக்கம் ஆசை திரும்பினால், உங்கள் வீட்டு மின்சாரத்துக்குப் பொருந்துமா என்று பின்னால் வோல்டேஜைப் படியுங்கள். ஜப்பானில் 100, அமெரிக்காவில் 120, ஐரோப்பாவில் 230.

வரி திரும்பக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐரோப்பாவில் பழைய பொருள் விற்கும் கடைகள் பல, லாபத்தின் மேல் மட்டும் வாட் (மதிப்புக்கூட்டு வரி) கட்டுகிற முறையில் இருக்கின்றன. அங்கே பில்லில் வாட் தனியாகக் காட்டியிருக்காது. பெரும்பாலும் உங்களுக்குத் திரும்பவும் வராது. பணம் கட்டுவதற்கு முன் கேட்டுவிடுங்கள். பில்லில் தொகையைக் குறைத்துப் போட்டுத் தருகிறேன் என்று சொன்னால் வேண்டாம். உங்கள் ஊர் சுங்கத்தில் அது பொய்க் கணக்கு. வழியில் உடைந்தால் இன்ஷூரன்ஸும் அந்தத் தொகையைத்தான் பார்க்கும்.

விமானத்தில் கேபினுக்குள் கொண்டுபோவது நல்லது. அமெரிக்கச் சட்டப்படி, ஏறும் நேரத்தில் மேலே இடம் இருந்தால் சிறிய இசைக்கருவிகளை அந்நாட்டு விமான நிறுவனங்கள் ஏற்க வேண்டும். கிட்டாரும் அதில் அடக்கம். அதனால் வரிசையில் முன்னால் நில்லுங்கள். மற்ற நாட்டு விமானங்களில் அவரவர் விதிதான். கீழே சரக்குப் பகுதியில் போடத்தான் வேண்டும் என்றால் கெட்டியான கேஸ், கம்பியைக் கொஞ்சம் தளர்த்துவது, தலைப்பகுதிக்கு இரண்டு பக்கமும் துணி.

வீட்டுக்கு வந்ததும் கேஸைத் திறக்கக் கை பரபரக்கும். சில மணி நேரம் பொறுங்கள். குளிர்ந்த கருவியைச் சட்டென்று வெப்பத்தில் திறந்தால் பழைய நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ்) வார்னிஷ் பூச்சு மெல்லிய கோடுகளாக வெடிக்கும். அப்புறம் ஒன்றிரண்டு வாரம் உங்கள் வீட்டு ஈரப்பதத்துக்குப் பழகட்டும், 45 முதல் 55 சதவீதம் இருந்தால் நல்லது. செட்டப்புக்கு, அதாவது கம்பி உயரத்தையும் கழுத்தையும் சரிசெய்யும் வேலைக்கு, அதன் பிறகு கொடுங்கள். வந்த மறுநாளே கொடுத்தால், கழுத்து அசைந்து முடித்ததும் அதே வேலைக்கு இன்னொரு முறை காசு கொடுப்பீர்கள்.