18 சிசி என்னைத் தூங்க விடல! அடுத்த கார் முடிவாயிடுச்சு (மாதிரி)

வணக்கம் மக்களே! கொஞ்சம் கடுப்புலதான் கேமராவ ஆன் பண்ணிருக்கேன், முன்னாடியே சொல்லிடறேன். ஈப்போவுல ஒரு ரீகண்ட் கடைக்கு, அதான் ஜப்பான்லேர்ந்து பழைய காரு எறக்கி விக்கிற கடைக்கு, போய்ட்டு இப்பதான் சுங்கை சிப்புட் வந்து சேர்ந்தேன். கடை பேரு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். டொயோட்டா ஜிஆர் யாரிஸ் காரு பாக்கணும்னு போன் பண்ணது நானு, நேரம் பேசுனது நானு. போய் இறங்குனா சேல்ஸ்மேன் நேரா என் தம்பிகிட்ட போறாரு. "போஸ், லோன் எவ்ளோ போடுறீங்க?" சாவியும் அவன் கையிலதான் குடுக்குறாரு. என் தம்பிகிட்ட இருக்கறது டிஏ லைசென்ஸ் லா! ஆட்டோ கியர் காரு மட்டும்தான் ஓட்டலாம். அந்தக் காரு ஆறு கியர் மேனுவல். அவன் சாவிய வச்சிக்கிட்டு திருதிருன்னு முழிக்கிறான். நான்தான் புடுங்கி ஸ்டார்ட் பண்ணேன்.

சரி, விஷயத்துக்கு வரேன். இப்ப நான் ஓட்டுற சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டுக்கு அடுத்து என்னன்னு கமெண்ட்ல கேட்டு கேட்டு உங்களுக்கே அலுத்திருக்கும். கடைசியா லிஸ்ட்ல நின்னது மூணு காரு.

வோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ மார்க் 8. பவர் 245 பிஎஸ், நம்ம பெக்கான்ல அசெம்பிள் பண்ணது, குடும்பத்துக்கு ஏத்த காரு, எல்லாம் சரி. ஆனா ஏர்கான் கூட்டிக் குறைக்க பட்டன் கெடையாது, தடவணும். அந்த இடத்துக்கு ராத்திரியில லைட்டும் கெடையாது. தோட்டத்து ரோட்டுல தெருவிளக்கே இல்ல, உள்ளயும் இருட்டுல தடவிக்கிட்டு போணுமா? அதோட டிஎஸ்ஜி, அதான் ஆட்டோ கியர். நான் ஆட்டோ ஓட்ட மாட்டேன்னு தெரிஞ்சும் எதுக்கு லிஸ்ட்ல வச்சேன்னு கேப்பீங்க. அம்மாவுக்காக வச்சேன். தூக்கியாச்சு.

அடுத்து ஹோண்டா சிவிக் டைப் ஆர், எஃப்கே8 மாடல். ஐயோ, அந்த சிவப்பு சீட்டு! 2017ல இங்க வந்தப்ப 320,000 வெள்ளி, 310 பிஎஸ். கியர் போடுறது வெண்ணெய்ல கத்தி எறங்குற மாதிரி. ஆனா டயர் பாருங்க, 245/30, ரிம் 20 இஞ்சு. 245ல முப்பது சதவீதம்னா பக்கச் சுவரு 7.35 சென்டிமீட்டர். ஏழரைகூட முழுசா வரல, ஆனா வாங்குனா நமக்கு ஏழரைதான். எங்க தோட்டத்து முனையில செம்பனை லோரி திரும்புற இடம் ஞாபகம் இருக்கா, மழை வீடியோவுல காட்டுனேனே? தார் ஓரம் பூரா அப்பம் பிச்ச மாதிரி. குழியில தண்ணி நின்னா ஆழமும் தெரியாது. அதுல இந்த டயர எறக்குனா ரிம்மு கோணிடும். அப்புறம் மாரியம்மன் கோவில் முன்னாடி இருக்கற பம்ப், வேகத்தடை. ஸ்விஃப்டே குறுக்கால ஏறி எறங்குது, இது முன் பம்பருக்கு அடியில இருக்கற லிப்ப அங்கேயே காணிக்கை போட்டுட்டுத்தான் வரும்.

ஆங், சொல்ல மறந்துட்டேன், டைப் ஆர்ல பின்னாடி ரெண்டு பேருதான் உக்காரலாம். நடுவுல கப் ஹோல்டர். அதனால "யாரிஸ்ல நாலு பேருதானே"ன்னு யாரும் வராதீங்க, ரெண்டும் நாலுதான்.

அப்ப ஜிஆர் யாரிஸ். மாமா சொல்றாரு, "மூணு சிலிண்டர்தானம்மா, நம்ம அக்சியாவுக்கும் மூணுதான்". மாமா, அக்சியா ஒரு லிட்டரு. இது 1.6 டர்போ, முதல்ல வந்தப்ப நம்ம மலேசியா ஸ்பெக் 261 பிஎஸ், ஜப்பான் ஸ்பெக் 272. ராலி ரேஸுக்குன்னே செஞ்ச காரு. மேல கூரை கார்பன் ஃபைபர், நாலு சக்கரமும் இழுக்கும். ஸ்போர்ட் மோட்ல 70 சதவீதம் பின்னாடி போகும். தைப்பிங்ல ஒரு அண்ணன் ஓட்டக் குடுத்தாரே, அன்னிக்கு மழை வேற, லோரி இழுத்துட்டு வந்த சேறு ரோட்டுல. ஸ்விஃப்டா இருந்தா முன் சக்கரம் சுத்திட்டு நிக்கும். இது அப்படியே கவ்விக்கிட்டு போச்சு. டயரும் 225/40, ரிம் 18. பக்கச் சுவரு முழுசா 9 சென்டிமீட்டர்.

இப்ப என் வயித்தெரிச்சல். எஞ்சின் 1,618 சிசி. நம்ம ரோட் டேக்ஸ்ல 1,600 வரைக்கும் 90 வெள்ளி. அதத் தாண்டுனா 200, மேல ஒவ்வொரு சிசிக்கும் 40 காசு. 18 சிசிக்கு 7 வெள்ளி 20 காசு. மொத்தம் 207.20! ஸ்விஃப்ட் 1,586 சிசி, 90 வெள்ளியோட முடிஞ்சிடும். அந்தப் பதினெட்ட கொறச்சிருக்கக் கூடாதா? டைப் ஆருக்கு 378 வெள்ளி, அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல, ரெண்டு லிட்டர் எஞ்சின், நியாயம். ஆனா இது? கோட்டத் தாண்டி கட்டவெரல மட்டும் வச்சிருக்கு. மூணு லட்சம் வெள்ளிக்குப் பக்கத்துல புதுசா வித்த கார பாத்துட்டு 117 வெள்ளிக்கு அழுவுறியேன்னு தம்பி சிரிக்கிறான். சிரிக்கட்டும். காசு காசுதான்.

இன்னிக்குப் பாத்தது ஜப்பான் ஸ்பெக். நம்பர் பிளேட் இல்ல, அதனால யார்டுக்குள்ளயே முன்ன பின்ன நகத்துனதோட சரி. கிளட்ச் நல்லா இருக்கு. ரேடியோ எஃப்எம் 95க்கு மேல போகாது, அப்ப காலையில நம்ம தமிழ் ரேடியோ ராகா கெடைக்காது, அத மாத்தணும். 180 கிலோமீட்டர் வேகத்துல லிமிட்டர், அது பரவால்ல. ஜப்பான் ஏலத்துல காரோட நெலமைய எழுதிக் குடுக்கற ஆக்ஷன் ஷீட் எங்கன்னு கேட்டேன், "ஆபீஸ்ல இருக்கு, அனுப்புறேன்"னாரு. அனுப்பட்டும். அது இல்லாம ஒரு காசு டெபாசிட் கெடையாது.

அம்மா பின்னாடி ஏற முடியாது, கதவு ரெண்டுதான். அம்மா முன் சீட்டு, தம்பி பின்னாடி மடங்கி உக்காருவான். பேசி முடிச்சாச்சு.

ஆக, ஸ்விஃப்ட் விக்கப் போறேன். இன்சூரன்ஸ்ல க்ளெய்ம் பண்ணாததுக்குக் கெடச்ச தள்ளுபடி, என்சிடி 55 சதவீதம், அத புதுக் காருக்கு மாத்திக்குவேன், அதக் கேக்காதீங்க. வாங்கறவங்க பகல்ல வந்து பாருங்க, போமனையும் (மெக்கானிக்) கூட்டிட்டு வாங்க. ராத்திரி பதினோரு மணிக்கு "லாஸ்ட் ப்ரைஸ், போலே நெகோ?", அதான் கொறைக்க முடியுமான்னு, மெசேஜ் போட்டா நேரா பிளாக்தான்.