இம்ப்ளான்ட் ஈறு வீக்கத்துக்கு லேசரா? முதல்ல இந்த நம்பரைக் கேளுங்க!

[திரையில்: ஈறுக்குள்ள இறங்கும் நீலச் சாயம், அதுமேல சிவப்பு ஒளி]

கத்தி இல்ல, மாத்திரை இல்ல. ஒரு நிமிஷ வெளிச்சத்துல இம்ப்ளான்ட் பக்கத்துக் கிருமி செத்துடுமாம். சரி, எலும்பு பிழைக்குமா?

வணக்கம் மக்களே! இம்ப்ளான்ட்னா, தாடை எலும்புல பதிக்கிற டைட்டானியம் செயற்கைப் பல் வேர். அதைச் சுத்தி ஈறு மட்டும் வீங்கி, தொட்டா ரத்தம் வந்தா மியூகோசைட்டிஸ். எலும்பும் கரைஞ்சா பெரி-இம்ப்ளான்டைட்டிஸ். அவ்வளவுதான் பாடம்.

இப்ப எனக்குப் பிடிச்ச நம்பர்: 47. எரிக்ஸன், ஆல்பிரெக்ட்ஸன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1983-ல முயல் எலும்பைச் சூடாக்கிப் பார்த்தாங்க. 47 டிகிரி, ஒரே ஒரு நிமிஷம், எலும்பு பாதிக்கப்பட்டுச்சு. நம்ம உடம்புச் சூட்டுக்கு மேல பத்தே டிகிரி! பல் சூட்டை லேசுல கடத்தாது, டைட்டானியம் கடத்தும். கொதிக்கிற சாம்பார்ல கரண்டியைப் போட்டு வச்சா பிடி சுடுதுல்ல? அதேதான். ஈறு பக்கம் காட்டின சூடு எலும்புக்கு இறங்கிடும்.

அதனால எந்த லேசர்னு கேளுங்க. எர்பியம்-யாக், ஒளியோட அலைநீளம் 2940 நானோமீட்டர்: அந்த ஒளியைத் தண்ணியே உறிஞ்சிடும். தண்ணி ஸ்ப்ரேயோட அடிச்சா சக்தி மேலாகவே செலவாகி, இம்ப்ளான்ட்ல கெட்டியாப் படிஞ்ச அழுக்கான காரையை உடைச்சுத் தள்ளும். நியோடிமியம்-யாக், 1064: இம்ப்ளான்ட் மேற்பரப்பையே உருக்கிடும். அது கிட்டவே வரக்கூடாதுன்னு நான் அடிச்சுச் சொல்வேன். டயோடு, 810-லிருந்து 980: கிருமியைக் கொல்லும், காரையை எடுக்காது. நுனியை ஒரே இடத்துல நிறுத்தினா சூடு ஏறிடும்.

[திரையில்: மழுங்கின ஊசி, ஈறுக்கும் இம்ப்ளான்ட்டுக்கும் நடுவுல இருக்கிற பைக்கு அடியிலிருந்து மேல வருது]

நீலச் சாயம் வேற வழி. மெத்திலீன் புளூவைப் பையோட அடியிலிருந்து நிரப்பி, சில நிமிஷம் விட்டு, கழுவி, 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியை சுமார் ஒரு நிமிஷம் காட்டுவாங்க. சாயம் ஆக்ஸிஜனைத் தூண்டிவிட, அது கிருமியோட சுவரைக் கிழிக்கும். நிறைய பேர் தப்பு பண்றது கழுவுறதுலதான். மிச்சச் சாயம் தேங்கினா ஒளியை அதுவே குடிச்சிடும், அடியில இருக்கிற கிருமிக்கு ஒண்ணுமே போய்ச் சேராது.

ஆனா காரையைச் சுரண்டாம எந்த ஒளியும் நிக்காது. 2023 ஐரோப்பிய வழிகாட்டியும் டயோடு, சாயம் ரெண்டையும் வழக்கமான சுத்தத்தோட சேர்க்கச் சொல்லல.

கிரவுன், அதாவது இம்ப்ளான்ட் மேல மாட்டுற செயற்கைப் பல், அதை ஒட்டுற சிமென்ட் கீழ வழிஞ்சு உள்ள இருந்தா லேசர் அதைக் கண்டுக்கவே கண்டுக்காது, வீக்கம் திரும்ப வரும். உங்க கிரவுன் சிமென்ட்டா, ஸ்க்ரூவா? டாக்டர்கிட்ட கேட்டு கமென்ட்ல போடுங்க!