முகத்தை மறைத்தால் போதாது

(மட்டக்களப்பின் கல்லடியில், ஆவணப்படம் எடுக்கப் பழகும் இளையோரிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

தம்பி தங்கைகளே, பதின்ம வயதுப் பிள்ளைகள் மீதான பாலியல் வன்முறையைப் படமாக்கப் போவதாக உங்களில் சிலர் சொன்னீர்கள். எடுக்கத்தான் வேண்டும். ஆனால் இப்படியான பல சம்பவங்களில் அந்தப் பிள்ளையை நோகடித்தவன் கையிலும் ஒரு கமரா இருந்தது. அவன் எடுத்ததை வட்ஸ்அப்பில் ஊரே கைமாற்றியது. நாமும் கமராவோடுதான் அந்த வாசலில் போய் நிற்கிறோம்.

பொனி கோஹனும் ஜோன் ஷெங்கும் இயக்கிய 'ஆட்ரி அண்ட் டெய்சி' 2016இல் வந்த அமெரிக்க ஆவணப்படம். இரண்டு பிள்ளைகளின் கதை. ஒருத்திக்கு 15 வயது. அவளுக்கு நடந்ததன் படங்கள் பள்ளிக்கூடத்தில் சுற்றின. சில நாட்களில் அவள் உயிரை விட்டாள். அந்த வழக்கின் பையன்கள், குடும்பத்தோடு செய்துகொண்ட சமரசத்தின்படி பேட்டி கொடுத்தார்கள். திரையில் அவர்களுக்கு முகம் இல்லை, வரைந்த உருவம்தான். மற்றப் பிள்ளைக்குச் சம்பவம் நடந்தபோது 14 வயது. அவள் தன் முகத்தோடும் பெயரோடும் பேசினாள். பையனுக்கு மறைப்பு, பிள்ளைக்கு வெளிச்சம். அந்த இடம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அவளும் 2020இல் உயிரை மாய்த்துக்கொண்டாள். படத்தால்தான் என்று சொல்லவே கூடாது. ஆனால் நம் படம் முடிந்த பிறகும் பிள்ளை அதே ஊரில் வாழ வேண்டுமே.

நம் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவைப்படி, பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் பெயரை மட்டுமல்ல, அடையாளம் காட்டக்கூடிய எதை உரிய அனுமதியில்லாமல் வெளியிட்டாலும் குற்றம். 2 ஆண்டு வரை சிறை. அந்த 'எதை' என்ற சொல் எவ்வளவு பெரியது என்று எனக்கு விளங்கியது அம்மாவிடம்தான். பயிற்சிக்காக, சொந்தக்கார மாமி ஒருவர் பன்பாய் இழைப்பதை, அவரிடம் சம்மதம் கேட்டுப் படமெடுத்தேன். கைகள் மட்டும்தான். அம்மாவிடம் காட்டினேன். பத்து செக்கன் ஓடவில்லை. "இது நம்மட மாமிட கையல்லவா மனே? பின்னால கேக்கிறது அவட வளவுக் கோயில் மணி." மட்டக்களப்பு அவ்வளவு சின்னது.

அதனால், பிள்ளையைத் தேடிப் போகாதீர்கள். படத்தை அனுப்பியவனிடம் போங்கள். டியூட்டரி வாசலில் கூடி நின்று பார்த்தவர்களிடம், தெரிந்தும் வாய் திறக்காத பெரியவர்களிடம் போங்கள். நமக்குத் தேவையான கதை அங்கேதான் கிடக்கிறது.

பிள்ளையே பேச வந்தால்? தாய் கையொப்பம் வைத்திருந்தாலும், திரையிடலுக்கு முதல்நாள் பிள்ளை வேண்டாம் என்றால் வேண்டாம்தான். யாரிடமும் சொல்லாததை உங்களிடம் முதன்முதலாகச் சொல்லத் தொடங்கினால், உடனே கமராவை நிறுத்துங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கம் அப்போது உங்கள் கையில் இருக்க வேண்டும்.

சரி. மாமியின் சம்மதத்தோடு அந்தக் காட்சியைத் திருத்தியிருக்கிறேன். கைகளை வரைந்தாயிற்று, மணியோசையை எடுத்தாயிற்று. இப்போது போடுகிறேன். யாருடைய வளவு என்று தெரிந்தால் கையை உயர்த்துங்கள்.