பெட்டியில் 108, லினக்ஸில் 54

[திரையில்: பழைய வைஃபை கார்டின் அட்டைப்பெட்டி. மேலே பெரிதாக '108'.]

உங்க வீட்டுப் பரண்ல இப்படி ஒரு கார்டு கிடக்கலாம். உள்ளே ஆதிராஸ் கம்பெனியோட சிப். பெட்டியில 108 எம்பிபிஎஸ்னு போட்டிருக்கும். லினக்ஸ்ல அந்தச் சிப்பை ஓட்டுற மென்பொருள், அதாவது ஆத்5கே டிரைவர்ல மாட்டினா 54 தான் காட்டும். டிரைவரைத் திட்டுறதுக்கு முன்னாடி, அந்த 108 எப்படி வந்துச்சுன்னு பார்த்துடுவோம்.

[திரையில்: 216 ÷ 4 = 54. பிறகு 4 அழிந்து 2 ஆகிறது.]

802.11ஜி-ங்கிறது அந்தக் கார்டு காலத்து வைஃபை தரம். அதோட உச்ச வேகத்துல ஒரு சிம்பலுக்கு, அதாவது ஒரு தடவை அனுப்புற துண்டு அலைக்கு, 216 பிட். ஒரு சிம்பல் போக 4 மைக்ரோசெகண்ட். வகுத்தா 54. ஆதிராஸ் கடிகாரத்தை ரெண்டு மடங்கா ஓடவிட்டாங்க. சிம்பல் 2 மைக்ரோசெகண்ட்ல முடிஞ்சுது, 108 வந்துது. பேரு டர்போ.

கடிகாரம் இரட்டிச்சா சேனல் அகலமும் 20-லேருந்து 40 மெகாஹெர்ட்ஸ் ஆயிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ்ல இருக்கிற மொத்த இடமே 80 சொச்சம். அதுல நட்டநடுவுல, 6-ஆம் சேனல்ல, தெருவை அடைச்சுப் பந்தல் போட்ட மாதிரி உட்காரும். பக்கத்து வீட்டைப் பார்த்து ஒதுங்குற டைனமிக் வகையும் உண்டு. எதுவா இருந்தாலும், வைஃபை தரத்தை எழுதுற ஐஇஇஇ அமைப்போட தரத்துல டர்போ கிடையாது. எதிர்முனையிலயும் டர்போ தெரிஞ்ச சிப் வேணும். ஒரு கை தட்டினா ஓசை வராதே.

[திரையில்: ஆத்5கே மூலநிரல், மெதுவாக நகர்கிறது.]

ஆத்5கே-க்கு இது தெரியாதான்னா, நல்லாவே தெரியும். நிரலுக்குள்ள 5, 10, 40 மெகாஹெர்ட்ஸ்னு மூணு அகலம் எழுதியிருக்கு, 40-க்குப் பக்கத்துல 'டர்போ'ன்னு குறிப்பு. நாம கட்டளை போட்டு அங்கே போய்ச் சேர வழிதான் இல்ல.

ஆனா 5-க்கும் 10-க்கும் வழி இருக்கு! அதுவும் இதே வித்தைதான், தலைகீழா. கடிகாரத்தைப் பாதியாக்கினா சிம்பலுக்கு 8 மைக்ரோசெகண்ட், வேகம் 27. வண்டிக்கு வண்டி பேசுற 802.11p ஓடுறது அந்த 10-லதான். இந்த ரெண்டு அகலமும் தரத்துல இருக்கு. அதனால 2013-ல லினக்ஸ் வயர்லெஸோட பொது இடைமுகத்துல, அதாவது புரோகிராம்கள் டிரைவருக்குக் கட்டளை சொல்ற வழியில, இடம் கிடைச்சுது.

40-ங்கிற பேரோ ஏற்கெனவே கை மாறியாச்சு. 2009-ல வந்த 802.11என் அதே அகலத்தை வேற மாதிரி நிரப்புது: சிம்பல் 4 மைக்ரோசெகண்டாவே இருக்கும், உள்ளே துணை அலைகள் கூடும். இப்ப 40-ன்னா அதுதான். அதுக்கு டர்போவோட ஒட்டும் இல்ல, உறவும் இல்ல.

'இன்னொரு பேர் வெச்சா என்ன?'ன்னு கேட்கலாம். லினக்ஸோட மையமான கர்னல் இடைமுகத்துல ஒரு சொல் நுழைஞ்சா லேசுல எடுக்க முடியாது. பழைய புரோகிராம் உடையக் கூடாதுங்கிறது அங்கே கறாரான சட்டம். ஒரே கம்பெனியோட ஒரு காலத்துச் சிப்புக்காக அதைக் காலமெல்லாம் சுமக்கணும். வேண்டாம்னு விட்டது சரின்னுதான் எனக்குத் தோணுது, அந்த 54-ஐப் பார்த்தா எரிச்சல் வந்தாலும்.

[திரையில்: இரண்டு ரவுட்டர்கள், நடுவே சுவர்.]

தரத்துல இல்லாதது எதுவுமே உள்ளே வராதுன்னும் இல்ல. ரவுட்டருக்கான லினக்ஸான ஓபன்டபிள்யூஆர்டி ஆளுங்க டபிள்யூடிஎஸ்-னு சொல்றாங்களே, ரெண்டாவது ரவுட்டரை வயரில்லாம பிரிட்ஜ் பண்றது, அதாவது ஒரே நெட்வொர்க்கா இணைக்கிறது. அதுக்கு வேண்டிய, நாலு முகவரி இருக்கிற ஃபிரேம் (தரவுப் பொட்டலம்) வடிவம் தரத்துல உண்டு. ஆக்சஸ் பாயின்ட்டும் (வைஃபை கொடுக்கிற கருவி) கிளையன்ட்டும் (அதுல சேர்ற கருவி) அதை வெச்சு எப்படிப் பிரிட்ஜ் போடணும்னு அன்னைக்கு அதுல இல்ல. இருந்தும் லினக்ஸ் சேர்த்துக்கிச்சு, ஏன்னா அது எந்த ஒரு சிப்போட தனிச் சொத்தும் இல்ல. பெரும்பாலான வேலை எல்லா டிரைவருக்கும் பொதுவான அடுக்குலயே முடிஞ்சுடும். ஆத்5கே-லயும் அது ஓடும், 54-ல.