பாட்டா, ஏடா? ஏட்டின் பக்கம் நின்று ஓர் உரை

நடுவர் அவர்களே, அரங்கன் ஊரில் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

"வங்காளத்துத் துறவி சைதன்ய மகாபிரபு காட்டிய கண்ணன் பக்தி 500 ஆண்டு தாண்டி நிற்பதற்குப் பெரிதும் காரணம் தெருவில் எழுந்த பாட்டா, ஏட்டில் எழுதிய எழுத்தா?" இதுதான் கேள்வி. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் "பாட்டே" என்றார். வங்காளத்து நவத்வீபத்தில் ஊர் நீதி அதிகாரியான காஜியின் ஆட்கள் மிருதங்கத்தை உடைத்ததையும், ஊரே தீவட்டி ஏந்திப் பாடிக்கொண்டு காஜியின் வாசலுக்குப் போனதையும் சொன்னார். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த ஹரிதாசர் நாளுக்கு 3 லட்சம் நாமம் சொன்னதைச் சொன்னார். திருவரங்கத்தில் ஒருவர் கீதையைத் தப்பும் தவறுமாகப் படித்து அழுதாரே, அவரைச் சொல்லி முடித்தார். கேட்கக் கேட்க எனக்கும் கண் நிறைந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தத் தீவட்டி ஊர்வலத்தை நீங்களோ நானோ பார்த்தோமா? எங்கிருந்து வந்தது அந்தக் காட்சி? விருந்தாவன தாசர் வங்காளியில் எழுதி வைத்தார். அவருக்குப் பின் கிருஷ்ணதாச கவிராஜர் எழுதி வைத்தார். எதிரணி இன்று காட்டிய ஒவ்வொரு கண்ணீர்த்துளியும் ஏட்டிலிருந்து எடுத்ததுதான், நடுவர் அவர்களே.

மகாபிரபு 1486இல் நவத்வீபத்தில் பிறந்தார். 24 வயதில் துறவு பூண்டார். 1533இல் பூரியில் மறைந்தார். அவர் எழுதியதாக நமக்குக் கிடைப்பது 8 சுலோகங்கள், சிக்ஷாஷ்டகம். "எட்டே சுலோகம் எழுதியவர் வழியை நூல் காப்பாற்றியது என்கிறாயா?" என்று அடுத்து வருகிறவர் கேட்பார். கேட்கட்டும். துறவு பூண்டதும் அவர் தெற்கே வந்தாரே, வந்த வழியில் என்ன செய்தார்?

நம் கன்னியாகுமரி மாவட்டத்துத் திருவட்டாறு, ஆதிகேசவப் பெருமாள் கோயில். அங்கே பிரம்ம சம்ஹிதை என்ற நூலின் ஓர் அத்தியாயம் ஏட்டில் இருப்பதைக் கண்டார். படியெடுக்க வைத்துக் கையோடு கொண்டு போனார். கிருஷ்ணா நதிப் பக்கம் அடியார்கள் கிருஷ்ண கர்ணாமிருதம் என்ற நூலைப் படிப்பதைக் கேட்டார். அதையும் படியெடுத்தார். ஊர் ஊராகப் பாடிக்கொண்டு போன துறவியின் மூட்டையில் சுவடி ஏறிக்கொண்டே வந்தது.

மதுரையில் ஒரு ராம பக்தர். "சீதா பிராட்டியை அரக்கன் தொட்டுவிட்டானே" என்று சோறு தண்ணீர் இல்லாமல் உயிரை விடத் துணிந்திருந்தார். மகாபிரபு எவ்வளவோ ஆறுதல் சொன்னார். பிறகு ராமேசுவரம் போனார். அங்கே கூர்ம புராணம் படிக்கிறார்கள். ராவணன் கொண்டு போனது மாயா சீதையைத்தான், உண்மைச் சீதையை அக்கினி தேவன் காத்தான் என்று அதில் வருகிறது. உடனே அந்த ஏட்டைப் புதிதாக எழுத வைத்து, புதியதைச் சுவடியில் சேர்த்துவிட்டு, பழைய ஏட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஏன் பழையது? புதிதாக எழுதியதைக் கொடுத்தால் அந்த மனிதருக்கு நம்பிக்கை வராது. அந்த ஒற்றை ஏட்டைத் தூக்கிக்கொண்டு மதுரைக்குத் திரும்பி வந்து அவர் கையில் கொடுத்தார். பாட்டில் ஊரையே அழ வைக்கத் தெரிந்தவர், ஓர் உயிரைக் காப்பாற்ற எதைத் தேடிப் போனார் என்று பாருங்கள்.

இனி நூல் எழுதிய கதைக்கு வருகிறேன். ரூபரும் சனாதனரும் அண்ணன் தம்பிகள், வங்காள சுல்தான் ஹுசேன் ஷாவிடம் பெரிய பதவியில் இருந்தவர்கள். பதவியை உதறிவிட்டு வந்தார்கள். தம்பி ரூபரைப் பிரயாகையில் 10 நாள் உட்கார வைத்துப் பாடம் சொன்னார் மகாபிரபு. அண்ணன் சனாதனருக்குக் காசியில் 2 மாதம். "பிருந்தாவனம் போங்கள், எழுதுங்கள்" என்று அனுப்பினார். அங்கே கோஸ்வாமிகள் என்னும் அறிஞர்கள் ஆறு பேராகச் சேர்ந்தார்கள். அந்த ஆறு பேரில் ஒருவர் இந்த ஊர்ப் பிள்ளை. மழைக்காலம் நான்கு மாதம் மகாபிரபு தங்கியிருந்தது இங்கே, வேங்கட பட்டர் வீட்டில். லட்சுமி நாராயணனை வழிபடும் வேங்கட பட்டரோடு கண்ணனைப் பற்றி அன்பாக வாதம் செய்துகொண்டே நாளைக் கழித்தாராம். அந்த வீட்டுச் சிறுவன் கோபால பட்டர் பின்னாளில் பிருந்தாவனம் போனார். 1542இல் அவர் எழுந்தருளச் செய்த ராதா ரமணர் என்ற கண்ணன் திருவுருவத்துக்கு இன்றைக்கும் பூசை நடக்கிறது. அடியார் எப்படி எழ வேண்டும், எப்படி நீராட வேண்டும், ஏகாதசி எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் ஹரி பக்தி விலாசம் அவர் பெயரால் வழங்குகிறது. காவிரித் தண்ணீர் குடித்தவர் பெயரில் வந்த நூல், யமுனைக் கரைக்கு ஒழுக்கம் வகுத்தது!

சாந்தம், தாசியம், சக்கியம், வாத்சல்யம், மதுரம் என்று பக்தியை ஐந்து சுவையாகப் பிரித்துக் காட்டிய பக்தி ரசாமிருத சிந்துவை ரூபர் 1541இல் முடித்தார். உடனிருந்தவர் ஜீவர், ரூபர் சனாதனர் இருவருக்கும் இளைய தம்பியின் மகன். உயிரும் உலகமும் கண்ணனிடமிருந்து வேறும்தான், வேறல்லாததும்தான், நம் சிந்தைக்கு எட்டாத உறவு அது என்ற கொள்கையை நூல் நூலாக நிறுவினார்.

ஏன் அவசியம் என்கிறீர்களா? மகாபிரபு மறைந்தபின் வங்காளத்தில் அடியார்கள் குழுக் குழுவாக நின்றார்கள். அவர் கண்ணனே என்றார்கள் சிலர். அவரை எப்படி வழிபடுவது என்பதில் ஆளுக்கொரு வழி. எல்லார் வாயிலும் அதே நாமம்தான், பாட்டு குறையவே இல்லை. ஆனாலும் ஒன்றுபடவில்லை. ராதையின் உள்ளத்தை ஏற்று வந்த கண்ணனே மகாபிரபு என்று கிருஷ்ணதாச கவிராஜர் எழுதிய சைதன்ய சரிதாமிருதம் அல்லவா அவர்களை ஒரே கூரைக்குள் கொண்டுவந்தது! "கிழவனாகிவிட்டேன், எழுதும்போது கை நடுங்குகிறது" என்று அவரே அந்த நூலில் எழுதுகிறார். அந்த நடுங்கும் கையை நினைத்தால் எனக்குப் பேச்சு நின்றுவிடுகிறது, நடுவர் அவர்களே.

அந்த நூல்களைப் பெட்டியில் பூட்டி மாட்டுவண்டியில் ஏற்றி வங்காளத்துக்கு அனுப்பினார்கள். ஜீவரிடம் பயின்ற ஸ்ரீநிவாசர், நரோத்தமர், சியாமானந்தர் மூவரும் கூடப் போனார்கள். விஷ்ணுபூர்ப் பக்கத்தில் கொள்ளை. பெட்டியில் பொன் இருக்கிறது என்று தூக்கிப் போனவர்கள் மன்னன் வீரஹம்பீரனின் ஆட்கள். திறந்தால் சுவடி! தேடிக்கொண்டு அரண்மனைக்கே போன ஸ்ரீநிவாசர் அங்கே பாகவதத்துக்குப் பொருள் சொன்னார். கொள்ளையடித்த மன்னன் அவர் காலில் விழுந்தான் என்பது அடியார்கள் காலங்காலமாகச் சொல்லும் வரலாறு. அந்த மல்ல மன்னர் வம்சம் கட்டிய சுடுமண் கோயில்கள் இன்றும் விஷ்ணுபூரில் நிற்கின்றன. நரோத்தமரோ கேதுரியில் விழா எடுத்து, புதிய கீர்த்தன முறையையே வகுத்தார். எதிரணி கொண்டாடும் அந்தப் பாட்டு, ஜீவரிடம் நூல் பயின்று வந்தவர் தொண்டையில் வளர்ந்தது.

மணி அடித்துவிட்டீர்கள். இரண்டு செய்தி சொல்லி அமர்கிறேன்.

ஔரங்கசீப் காலத்தில் பிருந்தாவனத்துக் கோயிலில் இருந்த கண்ணன், கோவிந்த தேவர், ஊரைவிட்டுக் கிளம்பி, கடைசியில் ஜெய்ப்பூர் வந்து சேர்ந்தார். 18ஆம் நூற்றாண்டில் அங்கே ஒரு சபையில் மகாபிரபு வழியினரைக் கேட்டார்கள்: "உங்களுக்கென்று பிரம்ம சூத்திர உரை உண்டா? இல்லாவிட்டால் நீங்கள் என்ன சம்பிரதாயம்?" அந்தச் சபையில் மிருதங்கம் பதில் சொல்ல முடியாது. அந்த வழியில் வந்த பலதேவ வித்யாபூஷணர் உட்கார்ந்து கோவிந்த பாஷ்யம் என்ற உரையை எழுதினார். கண்ணனுக்குப் பூசை செய்யும் உரிமை நிலைத்தது. 1965இல் 68 வயதில் ஜலதூதா கப்பலில் அமெரிக்கா புறப்பட்ட, இஸ்கான் இயக்கம் கண்ட பிரபுபாதர் பெட்டி பெட்டியாக ஏற்றியதும் தாம் மொழிபெயர்த்த பாகவதத்தைத்தான். அவருடைய குரு பக்திசித்தாந்த சரஸ்வதி அச்சு இயந்திரத்துக்கு வைத்த பெயர் பிருகத் மிருதங்கம், பெரிய மிருதங்கம்.

இரண்டாவது, எதிரணித் தலைவர் முடித்த இடம். இதே கோயிலில் ஒருவர் தினம் கீதை 18 அத்தியாயமும் தப்பாகப் படித்தார். ஊர் சிரித்தது. "எனக்குச் சொல்லுக்குப் பொருள் தெரியாது. குரு படிக்கச் சொன்னார். படிக்கும்போது தேரில் கடிவாளம் பிடித்த கண்ணன் தெரிகிறான், அதனால் அழுகிறேன்" என்றார் அவர். எழுத்தறிவில்லாத பக்திக்கு இவரைச் சாட்சியாக்கினார் எதிரணித் தலைவர். ஐயா, அவர் கையில் இருந்தது ஏடு. ஏட்டின் வழியாகத்தான் கண்ணன் அவருக்குத் தெரிந்தான். மகாபிரபு அவரைக் கட்டித் தழுவிக்கொண்டு என்ன சொன்னார்? "கீதையைப் படிக்க உரிமை பெற்றவர் நீரே" என்றார். "பாட" என்று சொல்லவில்லை, நடுவர் அவர்களே. "படிக்க" என்றார்.

நன்றி, வணக்கம்.