10,000 என்று எழுதினால் மார்க் கிடையாது! நம் தேர்வுகள் எதை அளக்கின்றன?

(திரையில்: சாட் ஏரி கிராஃப்)

வீடியோவை நிறுத்திவிட்டு இந்த கிராஃபைப் பாருங்கள். ஆப்பிரிக்காவின் சாட் ஏரியில் தண்ணீர் எந்தக் காலத்தில் எவ்வளவு ஆழம் இருந்தது என்று போட்டிருக்கிறார்கள். கீழே இடது ஓரத்தில் எழுதியிருக்கும் ஆண்டு கி.மு. 10,000. கேள்வி இதுதான்: கோடு எந்த ஆண்டில் தொடங்குகிறது?

10,000 என்றுதானே சொன்னீர்கள்? தப்பு. நானும் அதைத்தான் சொன்னேன்.

கோடு அந்த எண்ணுக்கும் இடப்பக்கம், எதுவுமே எழுதாத இடத்தில் ஆரம்பிக்கிறது. அச்சில் இல்லாத எண்ணை நீங்களே கணிக்க வேண்டும். விடை ஏறக்குறைய கி.மு. 11,000. என்ன குசும்பு பாருங்கள்!

இது பல நாடுகளின் 15 வயதுப் பிள்ளைகளுக்கும் வைக்கும் பிசா (PISA) என்ற சர்வதேசத் தேர்வில் 2000-ல் வந்த கேள்வி. அந்தத் தேர்வின் 2009 சுற்றோடு சேர்ந்த கூடுதல் சுற்றில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. 2011 டிசம்பரில் ரிசல்ட் வந்தது. வாசிப்பில் வளர்ந்த நாடுகளின் சராசரி 493, தமிழ்நாடு 337. நமக்குக் கீழே இமாச்சலும் கிர்கிஸ்தானும் மட்டும்தான். அதே காலத்தில் நம் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியோ 80 சதவீதத்துக்கு மேல்! கேள்விகள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி அடுத்த சுற்றிலிருந்து இந்தியா விலகிக்கொண்டது.

சரி, எந்தத் தேர்வு பொய் சொல்கிறது?

நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போயிருக்கிறீர்களா? ஈர நெல்லை எத்தனை முறை தராசில் வைத்தாலும் அதே 40 கிலோதான் காட்டும். தராசு பொய் சொல்லவில்லை. ஆனால் அதில் எவ்வளவு தண்ணீர் என்று தராசுக்குத் தெரியாது. அதனால்தான் ஈரப்பதக் கருவியையும் வைத்திருக்கிறார்கள். 17 சதவீதத்தைத் தாண்டினால் அப்புறம் வாக்குவாதம்தான்! தேர்வும் அப்படித்தான். எத்தனை முறை அளந்தாலும் ஒரே அளவு வந்தால் பி.எட். படித்தவர்கள் அதை நம்பகம் என்பார்கள், அளக்க வேண்டியதையே அளந்தால் ஏற்புடைமை என்பார்கள். இரண்டையும் மனப்பாடம் செய்து பாஸானவர்கள் கைதூக்குங்கள், யாருக்கும் சொல்லமாட்டேன்.

நம் பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்விலும் கிராஃப் உண்டு. புத்தகத்தில் இருக்கும் அதே கணக்கு. அளவுத்திட்டத்தை மூலையில் எழுதி, புள்ளிகளைக் குறித்து, கோட்டை இழுத்தால் கணிசமான மார்க். நான் பத்து தடவையாவது போட்டுப் பழகியிருப்பேன், முழு மார்க்கும் வாங்கினேன். அந்தக் கோடு என்ன சொல்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. ஏனென்றால் யாரும் கேட்கவில்லை!

பிசாவும் ஒன்றும் சாமி வாக்கு இல்லை. மார்க் கைக்கு வராத தேர்வை எந்தப் பையன் உயிரைக் கொடுத்து எழுதுவான்? பழக்கமில்லாத கேள்வி வடிவம் வேறு. அதற்காக சாட் ஏரியை நாம் பார்த்ததில்லை என்று சாக்குச் சொன்னால் நான் ஏற்கமாட்டேன். பின்லாந்துப் பிள்ளைகள் மட்டும் அங்கே போய்க் குளித்துவிட்டா வந்தார்கள்?

உங்கள் வீட்டில் பத்தாவது படிக்கும் பிள்ளை இருந்தால் இந்த கிராஃபைக் காட்டுங்கள். என்ன விடை வந்தது என்று கமெண்டில் போடுங்கள். முதலில் நீங்கள் சொன்ன விடையையும் சேர்த்துப் போட வேண்டும், ஏமாற்றக் கூடாது!