வீடு தேடிப் போன நர்சம்மா

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். மே 12, ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த நாள். அதைத்தான் உலக செவிலியர் தினமாகக் கொண்டாடுகிறோம். இந்த நாளில் ஒரு செவிலியரைப் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டதும், என் ஆச்சியைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அம்மாவைப் பெற்ற ஆச்சி. சென்ற ஆண்டு காலமானார்.

ஆச்சிக்கு நாசரேத் பக்கத்தில் ஒரு கிராமம். படித்து முடித்ததும் நர்ஸ் பயிற்சிக்கு மெட்ராஸ் போகிறேன் என்றிருக்கிறார். "நைட் டூட்டி பாக்குற பிள்ளைய எவன் கட்டுவான்?" என்று சொந்தக்காரர்கள் பேசியிருக்கிறார்கள். ஆச்சியின் அப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தானே கூட வந்து ரயிலேற்றி விட்டார். அந்தத் துணிச்சலுக்காக அவரை நான் பார்க்காமலே வணங்குகிறேன். ஜி.எச்.சில் பயிற்சி, பிறகு சில வருடம் வார்டு வேலை. 1960களின் தொடக்கத்தில் சேத்துப்பட்டில் இருந்த காசநோய் ஆராய்ச்சி மையத்துக்கு வந்தார். அதன்பிறகு ஓய்வு பெறும்வரை அவருடைய வாழ்க்கை காசநோயாளிகளோடுதான்.

அந்த மையத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காசநோயைச் சயரோகம், எலும்புருக்கி என்று சொல்லி ஜனங்கள் நடுங்கிய காலம் அது. நல்ல காற்று, பால், முட்டை, மாதக்கணக்கில் படுக்கை ஓய்வு, இதுதான் வைத்தியம். அதற்காகத்தான் டாக்டர் சௌரி முத்து 1928இல் தாம்பரத்தில் சானடோரியம், அதாவது காசநோயாளிகள் தங்கி வைத்தியம் பார்த்துக்கொள்ளும் மருத்துவமனை, தொடங்கினார். அந்தப் பெயரில் ரயில் நிலையமே இருக்கிறது. அப்புறம் ஸ்டிரெப்டோமைசின் வந்தது, 1952இல் ஐசோநியாசிட் வந்தது. மருந்து இருக்கிறது, ஆனால் நாட்டில் இருந்த நோயாளிகளுக்குப் படுக்கை எங்கே இருக்கிறது? வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் குணமாகுமா? கூட இருக்கும் பிள்ளைகளுக்குத் தொற்றிக்கொள்ளாதா?

இதைத் தெரிந்துகொள்ளத்தான் 1956இல் சேத்துப்பட்டில் அந்த மையத்தைத் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் கைகோத்தன. நோயாளிகள் 193 பேர், எல்லோரும் ஏழைகள். ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள், மற்றவர்களுக்கு வீட்டிலேயே வைத்தியம். மருந்து இருவருக்கும் ஒன்றுதான், ஒரு வருடம். 1959இல் முடிவு வெளியானது. சானடோரியத்தில் பாலும் முட்டையும் ஓய்வும் கிடைத்தவர்களுக்கும், நெரிசலான குடிசையில் இருந்துகொண்டே மருந்து சாப்பிட்டவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. குடும்பத்தாருக்கும் கூடுதலாகத் தொற்றவில்லை. உலகம் முழுக்க சானடோரியங்களின் காலம் முடிந்ததற்கு நம் சென்னையில் செய்த இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். இது நம் ஊர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

இந்த வரலாற்றில் வாலஸ் ஃபாக்ஸ் போன்ற டாக்டர்களின் பெயர் வரும், வரத்தான் வேண்டும். ஆனால் வீட்டில் இருக்கும் நோயாளி மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறாரா என்று யார் பார்ப்பது? நர்சுகளும் சுகாதாரப் பார்வையாளர்களும்தான் பார்த்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணுவார்கள். சிறுநீர் வாங்கி வந்து, மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று சோதிப்பார்கள். ஆச்சியின் வேலை அது.

அதை அவர் எப்படிச் செய்தார் என்பதை என் அம்மா பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறார். பள்ளி விடுமுறை நாளில் சில தடவை கூடப் போயிருக்கிறார். தெரு முனையிலேயே ஆச்சி தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுவாராம். நேராக நோயாளி வீட்டுக்குப் போக மாட்டார். முதலில் வேறு இரண்டு மூன்று வீட்டு வாசலில் நிற்பார். "பிள்ளைக்கு அம்மை குத்தியாச்சா?" என்று கேட்பார். கைக்குழந்தையை வாங்கித் தூக்கிப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் போக வேண்டிய வீடு. டி.பி. என்று தெரிந்தால் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிடுவார், குழாயடியில் குடத்தை வைக்க விட மாட்டார்கள். அதனால் இந்தத் தெருவில் யாருக்கு நோய் என்று எவராலும் கண்டுபிடிக்க முடியாதபடி நடந்துகொள்வார். இதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அப்போது கொடுத்த மருந்துகளில் பாஸ் என்று ஒன்று. அதை நிறைய விழுங்க வேண்டும். வயிற்றைப் புரட்டும், சிலருக்குப் பேதியாகும். அதனால் பலர் ஒளித்து வைத்துவிடுவார்கள். ஒருமுறை அரிசிப் பானைக்குள் கைவிட்டு ஆச்சி ஒரு பொட்டலத்தை எடுத்தாராம், முழுக்க மாத்திரை. அந்த அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். ஆச்சி திட்டவில்லை. பானையை எட்டிப் பார்த்துவிட்டு, "காலைல என்னம்மா சாப்பிட்ட?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். பானையில் அரிசியே இல்லை. வெறும் வயிற்றில் அந்த மருந்து இறங்காது. "மாத்திரை மிஞ்சினா, அந்த வீட்ல ஏதோ கொறையுதுன்னு அர்த்தம்" என்பார் எங்களிடம். மீதி மாத்திரையின் கணக்கு கேஸ் ஷீட்டுக்குப் போகும். அந்தக் கணக்குக்குப் பின்னால் இருந்த பசியை ஆச்சி தன் மனதில் குறித்துக்கொள்வார். மறுமுறை போகும்போது பையில் அவலோ ரொட்டியோ இருக்கும்.

பிறகு வாரத்துக்கு இரண்டு தடவை ஊசி போட்டு, கண்ணெதிரே மாத்திரை விழுங்க வைக்கும் முறையையும் அங்கே ஆராய்ந்தார்கள். அந்த ஊசி மருந்தான ஸ்டிரெப்டோமைசின் சிலருக்குக் காதையும் நடையையும் பாதிக்கும். நோயாளி உள்ளே நுழையும்போதே ஆச்சி காலைத்தான் பார்ப்பாராம். கொஞ்சம் தள்ளாடினாலும் ஊசியைக் கீழே வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுவார். நாங்கள் பேரப்பிள்ளைகள் வீட்டுக்குள் வரும்போதும் அதே பார்வைதான். காய்ச்சல் வரப் போகிறது என்பதை எங்களுக்குத் தெரிவதற்கு முன்னால் கண்டுபிடித்துவிடுவார்.

இன்றைக்குத் தமிழ்நாட்டில் காசநோய் இறப்பில்லா திட்டம் இருக்கிறது. 2022இல் தொடங்கியது. நோய் உறுதியானவுடன் எடை எவ்வளவு, மூச்சு எப்படி, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்று சுகாதார ஊழியர் பார்த்து, மோசமாக இருப்பவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார். இதை ஆச்சியிடம் வாசித்துக் காட்டியபோது அவருக்கு அவ்வளவு சந்தோஷம். "நிக்க வச்சுப் பாக்குறாங்களா? அப்ப சரி" என்றார்.

ஆச்சி இருந்திருந்தால் இந்த ஒலிவாங்கியில் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும், அதை நான் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் பக்கத்தில் உள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். பொதுவாக ஆறு மாதம் சாப்பிட வேண்டியிருக்கும். இரண்டாவது மாதமே உடம்பு தேறினாற்போல் இருக்கும், அப்போது நிறுத்திவிடாதீர்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஒளித்து வைக்காமல் நர்சிடம் சொல்லுங்கள். அவர் கேட்பார்.

நன்றி, வணக்கம்.